பேர் பெற்ற விஸ்கியும் பழைய திகில் படமும்: சொல்லும் அளவுக்கு இருக்கிறதா?

கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். ஆளாளுக்குத் தேடி அலையும் பாப்பி வான் விங்கிள் விஸ்கி உங்களுக்கு ஒரு கிளாஸ் கிடைத்தது. நன்றாக இருந்தது, ஆனால் இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று தோன்றியது. அதே வாரம் 'தி எக்ஸார்சிஸ்ட்' பார்த்தீர்கள், பயமே வரவில்லை. இந்தப் பேரெல்லாம் வெறும் பில்டப்பா, இல்லை உங்கள் ரசனையில்தான் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ரசனையில் கோளாறு ஒன்றும் இல்லை. ஆனால் இந்த இரண்டு ஏமாற்றமும் ஒரே வகை இல்லை. விஸ்கிக்குப் பேர் கிடைத்தது ஒரு காலத்துச் சரக்கை வைத்து. இன்று அந்தப் பேரில் வருவது பெரும்பாலும் வேறு சரக்கு, விலையும் வேறு. படம் அப்படியில்லை. 1973-ல் திரையில் ஓடியது எதுவோ அதுதான் இன்றும் ஓடுகிறது. மாறியிருப்பது பார்க்கிறவர்களும், பார்க்கும் விதமும். அதனால் என் கணக்கு இது: ஹைப் ஏறிய விஸ்கிகளில் பெரும்பாலானவை கொடுக்கும் காசுக்குத் தேறாது. பேர் பெற்ற பழைய திகில் படங்களில் பெரும்பாலானவை தேறும், எதை எதிர்பார்க்க வேண்டும் என்று தெரிந்து உட்கார்ந்தால்.

நீங்கள் குடித்த பாப்பியையே எடுத்துக்கொள்வோம். கென்டக்கி மாநிலத்தில் லூயிவில் நகரை ஒட்டி ஸ்டிட்செல்-வெல்லர் என்ற ஆலை 1935-ல் திறந்தது. அதை நடத்தியவர் ஜூலியன் வான் விங்கிள், அவரைத்தான் பாப்பி என்பார்கள். பாப்பி ஒரு போர்பன், அதாவது அமெரிக்க விஸ்கி வகை. போர்பன் என்றால் தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். கூடவே ரை தானியத்தைச் சேர்ப்பது பொது வழக்கம். இந்த ஆலை ரைக்குப் பதில் கோதுமை சேர்த்தது. காரம் அடங்கி, இனிப்பு முன்னுக்கு வரும். 1972-ல் குடும்பம் ஆலையை விற்றது. 1992-ல் அங்கே காய்ச்சுவதே நின்றுபோனது.

இடைப்பட்ட காலத்தில் அமெரிக்காவில் குடிக்கிறவர்கள் வோட்கா பக்கம் போய்விட்டார்கள். போர்பன் என்றால் தாத்தாக்கள் குடிப்பது என்று ஆகிவிட்டது. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின, கிடங்குகளில் பீப்பாய்கள் வாங்க ஆளில்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தன. பாப்பியின் பேரர், அவர் பேரும் ஜூலியன்தான், இப்படி மூடிய ஆலைகளில் எஞ்சிய பழைய சரக்கைப் பொறுக்கி வாங்கி, பீப்பாயில் கிடந்த காலத்தைக் குறித்து 20 ஆண்டு, 23 ஆண்டு என்று பாட்டிலில் அடைத்து விற்றார். 1990-களின் பிற்பாதியில் அந்த 20 ஆண்டு விஸ்கிக்கு பிவரேஜ் டெஸ்டிங் இன்ஸ்டிட்யூட் என்ற மதிப்பீட்டு நிறுவனம் 100-க்கு 99 மதிப்பெண் கொடுத்தது. இன்றைய பேரின் ஊற்று அதுதான். 2002-ல் குடும்பம் பஃபலோ டிரேஸ் ஆலையோடு கூட்டுச் சேர்ந்தது. இன்று கடைக்கு வரும் 15 ஆண்டு, 20 ஆண்டு பாப்பியெல்லாம் பஃபலோ டிரேஸில் காய்ச்சியவை. அதே கோதுமை வழிதான், நல்ல கைகள்தான். ஆனால் 99 வாங்கிய சரக்கு இது இல்லை. ஆலை வேறு, வடிக்கும் கலம் வேறு, பீப்பாய் கிடந்த கிடங்கு வேறு.

இதே பஃபலோ டிரேஸில், இதே கோதுமைச் சேர்மானத்தில் வரும் இன்னொரு விஸ்கி டபிள்யூ. எல். வெல்லர் 12 ஆண்டு. இதையும் பாப்பி 15 ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த கிளாஸில் எது என்று தெரியாமல் குடித்துப் பார்த்திருக்கிறேன். முகர்ந்தால் இரண்டும் அண்ணன் தம்பிதான். வெண்ணிலா, கருகத் தொடங்கும் சர்க்கரைப் பாகு, கொஞ்சம் செர்ரி. வாயில் வைத்தால்தான் வித்தியாசம். 15 ஆண்டு பாப்பியில் ஆல்கஹால் 53.5 சதவீதம். நாக்கு முழுவதும் கனமாகப் பரவுகிறது. இனிப்பு போன பிறகு புகையிலையும் பழைய தோலும் மாதிரி ஒரு வாசனை தொண்டையில் நிற்கிறது, அது போக நேரமாகிறது. வெல்லர் 45 சதவீதம். ஆரம்பம் அதே அழகு, ஆனால் விழுங்கிய கொஞ்ச நேரத்தில் கரைந்துவிடுகிறது. பாப்பி மேல், சந்தேகமில்லை. எவ்வளவு மேல் என்றால் ஒரு படி. ஆலை குறிக்கும் சில நூறு டாலருக்குக் கிடைத்தால் அந்த ஒரு படிக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் அந்த விலைக்குக் கிடைப்பது குலுக்கலில் பேர் விழுந்தவர்களுக்குத்தான். மற்றவர்களுக்குக் கைமாறிக் கைமாறி ஆயிரக்கணக்கான டாலர் ஆகிவிடுகிறது. அந்த விலைக்கு ஈடாக கிளாஸுக்குள் எதுவும் இல்லை. 'இதற்கா இவ்வளவு' என்று உங்களுக்குத் தோன்றியது முழுக்க நியாயம்.

ஆண்டுக் கணக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் ஹைப்பில் பாதி இந்த எண்ணை நம்பித்தான் நிற்கிறது. போர்பனை உள்பக்கம் கரித்த புது ஓக் பீப்பாயில்தான் போட வேண்டும், அது சட்டம். புது மரம் என்பதால் வெண்ணிலா வாசனை தரும் வெண்ணிலினும் துவர்ப்பு தரும் டானினும் வேகமாக இறங்கும். கென்டக்கியின் கோடையில் பீப்பாய் சூடேறி விஸ்கி மரத்துக்குள் புகும், குளிரில் வெளியே வரும். இருபது ஆண்டு இப்படிப் போனால் பாதிக்கு மேல் ஆவியாகிவிடும். எஞ்சியதில் மரம்தான் முன்னால் வந்து நிற்கும், துவர்ப்பும் கசப்புமாக. ஸ்காட்லாந்தில் நிலைமை வேறு. அங்கே பெரும்பாலும் ஏற்கெனவே போர்பனோ ஷெர்ரி ஒயினோ இருந்த பழைய பீப்பாய்களில் போடுகிறார்கள், குளிர் ஊர், ஆண்டுக்கு 2 சதவீதம் அளவில்தான் ஆவியாகும். அங்கே 25 ஆண்டு தாங்கும் சரக்கு உண்டு. ஸ்காட்ச்சின் எண்ணைப் போர்பனுக்குப் பொருத்தி 23 ஆண்டு என்றால் உச்சம் என்று நினைப்பது தவறு. 23 ஆண்டு பாப்பி எனக்கு 15 ஆண்டுக்குக் கீழேதான், விலையோ பல மடங்கு.

சரக்கு தேங்கிக் கிடந்த காலத்தில் பேர் வாங்கி, தட்டுப்பாட்டுக் காலத்தில் அந்தப் பேருக்கு விலை வைக்கும் கதை பாப்பியோடு நிற்கவில்லை. ஸ்காட்லாந்தில் ஐலா தீவின் போர்ட் எலன் ஆலையை 1983-ல் மூடினார்கள். விஸ்கி விற்காத காலம். அன்று அதன் சரக்கு பெரும்பாலும் கலப்பு விஸ்கிகளுக்குள் போய்க்கொண்டிருந்தது, தனியாகக் கேட்டு வாங்கியவர்கள் குறைவு. மூடிய பிறகுதான், எஞ்சிய பீப்பாய்களை 2001 முதல் வருடாவருடம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியிட்டபோது, அது புராணமாகிவிட்டது. 2024-ல் ஆலையை மறுபடி திறந்திருக்கிறார்கள். இனி வரப்போவது அந்தப் பேரில் வரும் புதுச் சரக்கு. அதை அதன் தகுதியில்தான் பார்க்க வேண்டும்.

ஜப்பானிலும் இதேதான். அங்கே விற்பனை படுத்திருந்த ஆண்டுகளில் முதிர்ந்த சரக்கு நிறையச் சேர்ந்திருந்தது. விமர்சகர் ஜிம் முர்ரேயின் 'விஸ்கி பைபிள்' வழிகாட்டி நூலின் 2015 பதிப்பு யமசாகி ஷெர்ரி காஸ்க் 2013-ஐ உலகின் சிறந்த விஸ்கி என்று அறிவித்தது. அது ஒரே ஒரு வெளியீடு, கொஞ்சம் பாட்டில்கள். ஆனால் பேர் நாடு முழுவதுக்கும் ஒட்டிக்கொண்டது. முதிர்ந்த சரக்கு தீரத் தொடங்கியதும் நிக்கா நிறுவனம் தன் யோய்ச்சி, மியாகிக்யோ ஆலைகளின் ஆண்டு குறித்த பாட்டில்களை 2015-ல் நிறுத்தியது. 2018-ல் சன்டோரி நிறுவனம் ஹிபிகி 17-ஐயும் ஹகுஷு 12-ஐயும் நிறுத்திவைத்தது. அந்த இடத்தில் ஆண்டு குறிக்காத இளைய கலவைகள் அதே பேரோடு, கூடிய விலையில் வந்து உட்கார்ந்தன. இன்னொரு பக்கம், வெளிநாட்டு விஸ்கியை இறக்கி ஜப்பானியப் பேர் போட்டு விற்கக்கூட அங்கே தடை இல்லாமல் இருந்தது. தயாரிப்பாளர் சங்கம் 2021-ல் கொண்டுவந்த தரவிதி 2024-ல் முழுமையாக நடைமுறைக்கு வந்த பிறகுதான் லேபிளை ஓரளவு நம்ப முடிகிறது.

சரி, விலை நாக்கை ஏமாற்றுமா என்றால், ஏமாற்றும். 2008-ல் கலிஃபோர்னியாவில் ஒரு ஆய்வு செய்தார்கள். ஒரே ஒயினை ஒரு முறை 10 டாலர் என்றும் இன்னொரு முறை 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 டாலர் என்று கேட்டவுடன் ருசி கூடியது என்றார்கள் குடித்தவர்கள். மூளையை ஸ்கேன் செய்து பார்த்தால், இன்பத்தைப் பதிவு செய்யும் பகுதியும் கூடுதலாக வேலை செய்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே ருசித்திருக்கிறது. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியவர் 'அற்புதம்' என்று எழுதும்போது அவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ருசியில் ஒரு பங்கு விலைச்சீட்டிலிருந்து வந்தது. அந்தப் பங்கு உங்களுக்கு வந்து சேராது.

பிளான்டன்ஸ் பற்றிப் பலரும் கேட்பார்கள். 1984-ல் எல்மர் டி. லீ கொண்டுவந்தது, ஒரே பீப்பாயிலிருந்து அடைத்து விற்ற போர்பன்களுக்கு முன்னோடி. அந்தப் பெருமை உண்மை. இன்று மூடியில் இருக்கும் குதிரை பொம்மைகளைச் சேர்ப்பதற்காகவே பாதிப் பேர் வாங்குகிறார்கள். குடிக்க இனிமையானது, அவ்வளவுதான். ஒற்றைப் பீப்பாய் என்பதால் பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். மக்கல்லன் 1926 என்ற ஸ்காட்ச் ஒரு பாட்டில் 2023-ல் லண்டன் ஏலத்தில் 21 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. அதை வாங்குவது ஓவியம் வாங்குவதைப் போல. குடிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பேருக்குக் குறையாத விஸ்கிகளும் உண்டு. அவை எல்லாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது: ஆலை இன்னும் அதே வேலையை அதே மாதிரி செய்துகொண்டிருக்கிறது. ஐலா தீவின் லகவூலின் 16 எடுத்துக்கொள்ளுங்கள். 43 சதவீதம்தான், இன்னும் கொஞ்சம் திடமாக அடைத்தால் நன்றாயிருக்கும் என்று எனக்கு எப்போதும் ஆசை. ஆனாலும் அந்த மரப்புகை, உப்புக் காற்று, அடியில் ஓடும் உலர்பழ இனிப்பு மூன்றும் ஒன்றோடொன்று இழைந்து வருவது வேறெங்கும் அவ்வளவு எளிதில் கிடைக்காது. ஸ்காட்லாந்தின் கேம்பல்டவுன் ஊரில் வரும் ஸ்பிரிங்பேங்க் 10: பார்லியை முளைக்கவைப்பதில் தொடங்கி பாட்டிலில் அடைப்பது வரை எல்லாமே அந்த ஒரே வளாகத்தில். 46 சதவீதம், நிறம் சேர்ப்பதில்லை, குளிரூட்டி வடிகட்டுவதும் இல்லை. அதற்கும் இப்போது ஹைப் ஏறி விலை கூடிவிட்டது. ஆனாலும் குடிக்கும்போது ஏமாற்றாது. அயர்லாந்தின் ரெட்பிரெஸ்ட் 12-ம் போர்பனில் வைல்ட் டர்க்கி 101-ம் இதே வரிசைதான். 101-க்கு ஹைப்பே கிடையாது. 50.5 சதவீதம், சாதாரண விலை. விலை எகிறிய போர்பன்கள் பலவற்றின் பக்கத்தில் பேர் தெரியாமல் வைத்தால் அது தலைகுனியாது.

குடிக்கும் விதமும் கணக்கில் வரும். 50 சதவீதத்துக்கு மேல் இருக்கும் விஸ்கியை முதல் முறை குடிக்கிறவருக்கு ஆல்கஹால் எரிச்சல் தவிர எதுவும் தெரியாது. ஒரு சிறு ஸ்பூன் தண்ணீர் விட்டு இரண்டு நிமிடம் பொறுத்து முகருங்கள். ஸ்வீடன் ஆய்வாளர்கள் இருவர் 2017-ல் இதைக் கணினியில் உருவகித்துக் காட்டினார்கள். தண்ணீர் சேரும்போது, புகை வாசனை தரும் குவாயகால் என்ற மூலக்கூறு திரவத்தின் மேற்பரப்புக்கு நகர்கிறது. மூக்குக்கு எட்டும் இடத்துக்கு வந்துவிடுகிறது, அதுதான் விஷயம்.

இனி படங்கள். இங்கே நான் ஹைப்பின் பக்கம் பேசப் போகிறேன்.

'தி எக்ஸார்சிஸ்ட்' 1973 டிசம்பர் 26-ல் வெளியானது. தியேட்டரில் மயங்கி விழுந்தார்கள், வாந்தி எடுத்தார்கள் என்றெல்லாம் பத்திரிகைகள் எழுதின. இன்று உட்காரும் ஒருவருக்கு அந்தச் செய்திதான் முதலில் காதில் விழுகிறது. பேய் பிடித்த சிறுமியின் தலை சுற்றித் திரும்புவதையும் பச்சை வாந்தியையும் கேலி நாடகங்களில் ஆயிரம் தரம் பார்த்தாயிற்று. அவை வரும்போது பயம் வராமல் போனதில் ஆச்சரியமில்லை. ஆனால் படம் அந்த இரண்டு காட்சிகளின் மேல் நிற்கவில்லை. பேயோட்ட வரும் மெரின் பாதிரியார் அந்த வீட்டு வாசலுக்கு வரும்போது படம் ஏறக்குறைய முக்கால்வாசி முடிந்திருக்கும். அதுவரை இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கின் என்ன காட்டிக்கொண்டிருந்தார் என்று பாருங்கள். ஒரு தாய் தன் மகளை மருத்துவர் மருத்துவராகக் கூட்டிக்கொண்டு போகிறாள். ரத்தக் குழாய்ப் படம் எடுக்கும் காட்சி ஒன்று வரும். சிறுமியைப் படுக்கவைத்துக் கட்டுகிறார்கள், கழுத்தில் ஊசி இறங்குகிறது, ரத்தம் பீய்ச்சுகிறது, இயந்திரம் தடதடவென்று அடித்துக்கொண்டே இருக்கிறது. பேய் என்ற பேச்சே இல்லை, எல்லாம் நிஜ மருத்துவம். முடிவில் படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்கிறார்கள். என் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று உலகத்தில் யாராலும் சொல்ல முடியவில்லை என்பதுதான் அந்தப் படத்தின் பயம். இன்னொரு பக்கம் காரஸ் பாதிரியார், வசதியில்லாமல் தாயை எங்கேயோ விட்டுவிட்ட குற்ற உணர்வோடு. பேய் அவரிடம் தாயின் குரலில் பேசும்போது, அந்தக் குற்ற உணர்வைத் தெரிந்துகொண்ட நமக்கு அடி விழும். திடுக்கிட வைக்கும் இடங்களுக்குக் காத்திருந்தவருக்கு விழாது.

அறையில் மூச்சு புகையாக வருகிறதே, அது தந்திரம் இல்லை. செட்டையே குளிரூட்டி உறையவைத்துத்தான் எடுத்தார்கள். இன்னொன்று: நீங்கள் பார்த்தது எந்தப் பிரதி? 2000-ல் வந்த நீட்டிய பதிப்பில் சிலந்தி போலப் படியிறங்கும் காட்சியும், இருட்டில் மின்னி மறையும் முகங்கள் கூடுதலாகவும் சேர்த்திருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. 1973 பதிப்பில் இருக்கும் கட்டுப்பாடு அதில் போய்விட்டது.

பிரதி விஷயத்தில் படத்துக்கும் கொஞ்சம் விஸ்கியின் கதை உண்டு. 1922-ல் முர்னாவ் எடுத்த 'நோஸ்ஃபெராட்டு' கிடைத்ததே பெரிது. 'டிராகுலா' நாவலுக்கு அனுமதி வாங்காமல் எடுத்ததால் நாவலாசிரியரின் மனைவி வழக்குத் தொடுத்து, பிரதிகளை அழிக்கும்படி தீர்ப்பும் வாங்கினார். தப்பிய பிரதிகளில் பல நிறமில்லாத கறுப்பு வெள்ளைப் பிரதிகள். இரவுக் காட்சிகளைப் பகலில்தான் படம் பிடித்தார்கள், அப்புறம் பிரதிக்கு நீல நிறம் ஏற்றினால் அது இரவு. அந்த நீலம் இல்லாத பிரதியில் ரத்தக் காட்டேரி பட்டப்பகலில் சவப்பெட்டியைச் சுமந்துகொண்டு தெருவில் நடக்கிறது, கடைசியில் வெயில் பட்டுச் சாகிறது. பார்க்கிறவர் சிரிக்காமல் என்ன செய்வார்? நிறம் மீட்ட பிரதியைப் பாருங்கள், அது முற்றிலும் வேறு படம். ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' 1968-ல் வந்தபோது, தலைப்பை மாற்றிய அவசரத்தில் காப்புரிமை வாசகம் விடுபட்டுப்போய், படம் யார் வேண்டுமானாலும் விற்கலாம் என்றாகிவிட்டது. கலங்கிய, மங்கிய பிரதிகளில்தான் பல தலைமுறை அதைப் பார்த்தது. மீட்டெடுத்த பிரதியில் கறுப்பும் வெளுப்பும் கத்தி மாதிரி இருக்கும்.

'சைக்கோ'வுக்கு வேறு பிரச்சினை, எல்லோருக்கும் கதை தெரியும். 1960-ல் அது யாருக்கும் தெரியாது. படம் தொடங்கியபின் யாரையும் உள்ளே விடக்கூடாது என்று ஹிட்ச்காக் ஏற்பாடு செய்தார். பெரிய நட்சத்திரம் பாதிப் படத்துக்கு முன்பே செத்துப்போவாள் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அந்த அதிர்ச்சி இன்று கிடையாது, உண்மை. ஆனால் குளியலறைக் கொலைக்குப் பிறகு வருவதைப் பாருங்கள். விடுதி நடத்தும் நார்மன் பிணத்தைக் காரில் வைத்துச் சதுப்பில் தள்ளிவிட்டு, எதையோ மென்றபடி நிற்கிறான். கார் மெல்ல அமிழ்கிறது. பாதியில் நின்றுவிடுகிறது. அவன் மெல்லுவதும் நிற்கிறது, சுற்றுமுற்றும் பார்க்கிறான். அந்தச் சில நொடிகளில் நாமும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம், கார் மூழ்க வேண்டுமே என்று! சற்று முன் வரை அவளுக்காகப் பதறியவர்கள் இப்போது அவன் பக்கம். இது கதை தெரிந்தாலும் வேலை செய்யும், இரண்டாம் முறை இன்னும் நன்றாகவே வேலை செய்யும். கடைசியில் மனநல மருத்துவர் நின்றுகொண்டு விளக்கம் சொல்லும் பகுதி மட்டும் அன்றும் பலவீனம், இன்றும் பலவீனம்.

1978-ன் 'ஹாலோவீன்' பட்ட பாடு இதற்கு நேர் எதிர். அதை நூறு படம் காப்பி அடித்துவிட்டது. அசலைப் பார்க்கும் இளைஞர் இதெல்லாம் பார்த்ததுதானே என்பார். சுமார் 3 லட்சம் டாலரில் எடுத்த படம், முகமூடி கூட கடையில் வாங்கிய, 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் கேப்டன் கிர்க் முகமூடிக்கு வெள்ளைச் சாயம் பூசியது. காப்பி அடித்தவர்கள் கத்தியையும் முகமூடியையும் எடுத்துக்கொண்டார்கள். இயக்குநர் ஜான் கார்ப்பென்டர் அகலத் திரையின் ஓரத்தில் கொலைகாரனைச் சும்மா நிறுத்திவைத்த பொறுமையை எடுத்துக்கொள்ளவில்லை. நாயகி லோரி சுவரோரம் நிற்க, பின்னால் இருட்டான வாசலில் அந்த வெள்ளை முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து வரும். சின்ன வெளிச்சத்தை மெல்லக் கூட்டிய வேலை அது. இன்றைக்கும் அதை மிஞ்சிய இடங்கள் குறைவு.

தேறாத படங்களும் உண்டு. 1931-ன் 'டிராகுலா' எனக்குத் தேறவில்லை. கோட்டையில் நடக்கும் ஆரம்பப் பகுதி அருமை, டிராகுலாவாக வரும் பேலா லுகோசியின் பார்வையும் பேச்சும் அருமை. அப்புறம் படம் வரவேற்பறைக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது, மேடை நாடகத்திலிருந்து வந்தது என்பது வசனத்துக்கு வசனம் தெரிகிறது. பின்னணி இசையும் கிட்டத்தட்ட இல்லை. அதே செட்டில் இரவு நேரத்தில் வேறு குழு எடுத்த ஸ்பானிஷ் பதிப்பில் கேமரா இன்னும் உயிரோடு நகர்கிறது. அதே ஆண்டு வந்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' முழுசாகத் தேறும். அந்தப் பிராணி முதன்முதலாக வரும்போது முதுகைக் காட்டியபடி வாசலில் நுழையும், மெல்லத் திரும்பும். உடனே இயக்குநர் ஜேம்ஸ் வேல் வெட்டி வெட்டி முகத்துக்கு நெருக்கமாகப் போவார். ஏரிக்கரையில் சிறுமி மூழ்கும் இடத்தைத் தணிக்கைக்காரர்கள் வெட்டியிருந்தார்கள். அவளை நோக்கிக் கைகள் நீள்வதோடு காட்சி முடிந்ததால், நடந்ததைவிட மோசமான ஒன்றைப் பார்வையாளர்கள் கற்பனை செய்துகொண்டார்கள். மீட்ட காட்சியில் அது பூவைப் போல அவளும் மிதப்பாள் என்று நினைத்துத்தான் எறிகிறது. பயத்தோடு இரக்கமும் வருவது அங்கேதான்.

1999-ன் 'பிளேர் விட்ச் பிராஜெக்ட்' பாதி தேறும். இணையதளம், காணவில்லை நோட்டீஸ் என்று நிஜம்போல நம்பவைத்ததில் பாதிப் பயம் இருந்தது, அது போய்விட்டது. மூலையைப் பார்த்து ஒருவன் நிற்கும் கடைசிக் காட்சி மட்டும் இன்னும் குலுக்கும்.

பேர் எப்படி வந்தது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும் என்பது என் அனுபவம். கார்ப்பென்டரின் 'தி திங்' 1982 ஜூன் 25-ல் வந்தது. அன்பான வேற்றுக்கிரகவாசி 'ஈ.டி.' வந்து இரண்டு வாரம். விமர்சகர்கள் திட்டித் தீர்த்தார்கள், கூட்டமும் வரவில்லை. வீடியோ கேசட்டில் எடுத்துப் பார்த்தவர்கள் அடுத்தவருக்குச் சொல்லிச் சொல்லித்தான் இன்றைய இடத்துக்கு வந்தது. மனித உருவில் ஒளிந்திருக்கும் வேற்றுக்கிரகப் பிராணியைக் கண்டுபிடிக்க, சூடான கம்பியை ரத்தத்தில் தொட்டு யார் மனிதன் என்று சோதிக்கும் காட்சி ஒன்று போதும். குப்ரிக்கின் 'தி ஷைனிங்' வந்த ஆண்டு மோசமான இயக்குநருக்கான ராஸ்ஸி பட்டியலில் அவர் பேர் இருந்தது. 1960-ன் 'பீப்பிங் டாம்' அதன் இயக்குநர் மைக்கேல் பவலின் வாழ்க்கைத் தொழிலையே கவிழ்த்தது. இப்படி அடிபட்டு, யாரும் விளம்பரம் செய்யாமல், பார்த்தவர்கள் வாய்வழியாக ஏறிய பேரை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன். ஒரே ஒரு விருது அறிவிப்பில், ஒரே ஒரு மதிப்பெண்ணில் ஏறிய விஸ்கியின் பேரை அப்படி நம்ப மாட்டேன். படத்தின் புகழ் கூடினால் டிக்கெட் விலை கூடுவதில்லை, பிரதி தீர்ந்துபோவதும் இல்லை. விஸ்கிக்கு இரண்டும் நடக்கும்.

அடுத்து என்ன என்று கேட்டால், விஸ்கியில் லகவூலினும் வைல்ட் டர்க்கி 101-ம் வாங்குங்கள், குலுக்கல் வரிசையில் நிற்க வேண்டாம். படத்தில் 1942-ன் 'கேட் பீப்பிள்', 1961-ன் 'தி இன்னொசென்ட்ஸ்' இரண்டையும் பாருங்கள். முதல் படத்தில் இருட்டுத் தெருவில் நடக்கும் பெண்ணுக்குப் பின்னால் ஏதோ வருகிறது. சீறிக்கொண்டு வந்து நிற்பது ஒரு பஸ். அந்த உத்தியைத்தான் இன்றுவரை எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். இரண்டாவதில் ஏரிக்கு அக்கரையில் நாணல்களுக்கு நடுவே கறுப்பு உடையில் ஒரு பெண் நிற்பாள், பட்டப்பகலில், அசையாமல். இரண்டும் நிதானமாக நகரும் படங்கள், சத்தம் போட்டு உங்களைக் கூப்பிடாதவை. அதனால் விளக்கை அணைத்து, போனைத் தள்ளிவைத்துப் பாருங்கள், கையில் கிளாஸ் இல்லாமல். 50 சதவீத விஸ்கி இரண்டு ரவுண்டு உள்ளே போனால் கண் சொக்கும். அந்தப் பெண் திரை ஓரத்தில் வந்து போவதை நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள். விஸ்கியைப் படம் முடிந்த பிறகு ஊற்றிக்கொள்ளலாம்.